உளுந்து காயும் நெடுஞ்சாலை

திருவையாற்றிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில்தான் எங்கள் ஊர். அரசாங்கக் கணக்கில் அது மாநில நெடுஞ்சாலை 22. கல்லணையில் கிளம்பிக் காவிரிப்பூம்பட்டினம் வரை போகிறது; அதில் எங்கள் பங்கு முப்பது சொச்சம் கிலோமீட்டர். சாலையோரக் கல்லின் தலையில் பச்சை அடித்திருப்பதால் மாநிலச் சாலை. மஞ்சள் என்றால் தேசியம். ஊரில் யாரும் நம்பரைச் சொல்லிக் கேட்டதில்லை. ரோடு, அவ்வளவுதான். கிலோமீட்டர் வந்து அரை நூற்றாண்டு தாண்டியும் கல்லுக்குப் பேர் மைல்கல்.

நேராகப் போகிற பழக்கம் இந்த ரோட்டுக்குக் கிடையாது. காவிரியின் வடகரையை ஒட்டி வருவதால் ஆறு நெளிகிற இடத்தில் தானும் நெளியும். திருப்பழனம், திங்களூர், கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், உமையாள்புரம், சுவாமிமலை என்று வரிசையாக ஊர்கள். ஊருக்கு ஊர் வேகத்தடை. இந்திய சாலைக் காங்கிரஸின் 1988 விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். எங்கள் ஊர்த் தடைக்கு அகலம் ஒரு முழம். உயரத்துக்கு என் இடுப்புதான் சாட்சி.

பங்குனி பிறந்தால் ரோடு களமாகிவிடும். சம்பா அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்தைச் செடியோடு பிடுங்கி வந்து பரப்பிவிடுவார்கள். அடிக்க ஆள் கிடைப்பதில்லை; பஸ் சக்கரம் கூலி கேட்காமல் அடித்துக் கொடுக்கும்.

போன பங்குனியில், நாம் போய் மிதிப்பானேன் என்று ஸ்கூட்டரை ஓரமாக ஒதுக்கினேன். தலையில் துண்டு கட்டிய அத்தை ஒருத்தி விளக்குமாற்றை நீட்டி மறித்தாள். "ஏந் தம்பி ஒதுங்குற? மேல ஏத்திதான் போயேன்!" ஏற்றினேன். சக்கரம் வழுக்கி, உளுந்தோடு உளுந்தாகப் படுத்தேன். ஓடிவந்த அத்தை முதலில் நான் கிடந்த இடத்துச் செடியைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஒரு காய்கூட வெடிக்கல. ஒன் கனம் பத்தாது தம்பி, நீ கெளம்பு. பஸ்ஸு வரட்டும்."

முட்டிக் காயம் ஆறுவதற்குள் சித்திரை வந்தது, தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். அப்பூதியடிகளின் ஊரான திங்களூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பந்தல் போடாமல் இருக்க முடியுமா? அவர் தாம் போட்ட பந்தலில் தம் பெயரை விட்டுவிட்டுத் திருநாவுக்கரசர் என்று எழுதி வைத்தார். அந்த வழியாக வந்த திருநாவுக்கரசரே, உம் பெயரைப் போடாமல் வேறொருவர் பெயரை ஏன் போட்டீர் என்று கேட்டதாகப் பெரியபுராணம். எங்கள் பந்தலில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பானை ஒன்று, ஃபிளெக்ஸில் முகம் நாற்பது. இருநூறு ரூபாய் கொடுத்த புண்ணியத்தில், கடைசி வரிசையில் தபால்தலை அளவில் நானும் கைகூப்பிக்கொண்டிருந்தேன். பானை மூன்றாம் நாளே வற்றிவிட்டது. நாங்கள் ஆடிக்காற்று வரை சிரித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒருநாள் ஃபிளெக்ஸைக் காணோம்.

இந்தப் பங்குனியில் அதைப் பார்த்தேன். அத்தை ரோட்டில் விரித்து, மேலே உளுந்தைப் பரப்பியிருந்தாள். கடைசி வரிசை மட்டும் செடிக்கு வெளியே தெரிந்தது. நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். கும்பகோணம் பஸ் வந்தது. நாற்பது பேர் மேலும் ஏறிப் போயிற்று. அத்தை குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாத்தியா, எப்புடி வெடிச்சிருக்கு!"