வெந்நீர்க் குண்டத்து அனுபவஸ்தர்

பத்ரிநாத் போகிறவர்கள் பெருமாளைச் சேவிப்பதற்கு முன்னால் இன்னொருவர் எதிரில் நின்றாக வேண்டும். கோயிலுக்குக் கீழே, அலகநந்தா கரையில் இருக்கிற தப்த குண்டத்தில், கழுத்துவரை தண்ணீரில் அவர் உட்கார்ந்திருப்பார். தலையில் நனைந்த காசித்துண்டு. முகம் சிவந்து கிடக்கும். மூக்குக்கண்ணாடியை நீராவி மூடியிருந்தாலும் கழற்ற மாட்டார். கழற்றினால் கரையில் யார் தயங்குகிறார்கள் என்று தெரியாதே! கோயில் நிர்வாகம் அவரை நியமிக்கவில்லை. சம்பளம் கிடையாது. ஏற்கெனவே ஒரு தடவை வந்துவிட்டுப் போனவர் என்பது ஒன்றே தகுதி. அதைக் கொண்டே குண்டம் முழுவதையும் கட்டி ஆள்வார்.

வேலை இல்லாமல் அவர் அங்கே இல்லை. ஊர் ஏறக்குறைய 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடை திறந்திருக்கும் மே மாதத்திலேயே விடியற்காலையில் பல் கிட்டும். பக்கத்தில் இரைந்துகொண்டு ஓடுவது பனி உருகிய தண்ணீர். அதற்கு நாலு எட்டு தள்ளி இருக்கிற குண்டத்துத் தண்ணீரோ சுமார் 45 டிகிரி. வீட்டில் கை பொறுக்கிற சூட்டுக்கு விளாவிக்கொள்கிறோமே, அதைவிடக் கூடுதல். சட்டையைக் கழற்றிவிட்டு நடுங்கும் உடம்பு, கட்டைவிரல் நனைந்ததுமே அலறிவிடும். வைத்த காலை எடுப்பதா, எடுத்த காலை வைப்பதா என்று தெரியாமல் கொக்கு மாதிரி நிற்கிற ஆளைக் கண்டதும் நம்மவர் நிமிர்ந்து உட்காருவார்.

"சார், தமிழா?"

தலையாட்டினால் போதும்.

"யோசிக்காதீங்க. யோசிச்சா இன்னும் சுடும். முதல்ல பாதம். அப்புறம் ஒரு செம்பு மொண்டு தோள்ல ஊத்துங்க. உள்ள வந்துட்டா ஆடாம உட்காரணும். ஆடினாத்தான் சுடும்."

அந்தக் கடைசி வாக்கியம் முழுக்க உண்மை. அசையாமல் இருந்தால் தோலை ஒட்டிய தண்ணீர் கொஞ்சம் ஆறும்; கைகாலை வீசினால் புதுச்சூடு வந்து தாக்கும். இந்தப் பௌதிகம் அவருக்குத் தெரியாது, ஆனாலும் சரியாகச் சொல்லிவிட்டார். அவரிடம் சிரமமே இதுதான். சரியானதையும் பிசகானதையும் ஒரே குரலில், ஒரே கண்டிப்போடு சொல்வார்.

தண்ணீர் ஏன் சுடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். கேட்கிறவர் வயதானவராக இருந்தால் அக்கினி பகவான் இங்கே தவம் இருந்த தலபுராணம் வரும். இஞ்சினியரிங் படிக்கிற பையன் கேட்டால், "கீழே எரிமலை, தம்பி. எப்ப வேணா வெடிக்கும்" என்பார். அலகநந்தா பள்ளத்தாக்கில் எரிமலை கிடையாது. மழையும் பனியும் பாறைப் பிளவுகளின் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்சூட்டில் காய்ந்து, வேறு பிளவுகளின் வழியே மேலே ஏறுகின்றன. இந்தியத் தட்டு இன்னமும் ஆசியாவை முட்டித் தள்ளிக்கொண்டிருப்பதால் அந்த மலையில் பிளவுகளுக்குப் பஞ்சமில்லை. மணாலி பக்கத்து வசிஷ்டிலும், பார்வதி பள்ளத்தாக்கு மணிகரணிலும் ஊற்று சுடுவது இப்படித்தான். இதை அவரிடம் விளக்கினால், "அதைத்தானே நானும் சொன்னேன்" என்று முடித்துவிடுவார்.

மருத்துவத்தில் அவருக்கு இதைவிடத் துணிச்சல். மூக்கை உறிஞ்சி, "கந்தகம் சார், கந்தகம்!" என்று தொடங்குவார். இறங்குகிறவரின் நடையைப் பார்த்தே முட்டிவலியா, இடுப்புப் பிடிப்பா என்று சொல்லிவிடுவார். ஒருவர் தமக்கு எந்த வலியும் இல்லை என்று சொன்னதற்கு, "இனிமே வராது" என்று வரம் கொடுத்தார். வெந்நீரில் இருக்கும் நேரத்துக்கு மூட்டுவலி தணியும் என்பது வாஸ்தவம். சூட்டுக்கு அந்தக் குணம் உண்டு. சர்க்கரை வியாதி, முடி உதிர்தல், ஞாபகமறதி எல்லாம் தீரும் என்பது அவர் சொந்தச் சேர்க்கை.

பத்து நிமிஷத்துக்கு மேல் யாரும் உட்காரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். காற்றும் கடல்மட்டத்தில் உள்ளதைப் போல மூன்றில் இரண்டு பங்குதான். சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். ஆனால் சட்டம் போட்டவர் எப்போது தண்ணீரில் இறங்கினார் என்று பார்த்தவர்கள் யாரும் அங்கே இல்லை. காரணம் மர்மமொன்றும் இல்லை. எழுந்தால் குளிரும். உட்கார்ந்திருக்க ஒரு சாக்கு வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்வதைவிடப் பெரிய சாக்கு எது?

வடக்கத்தியரையும் அவர் விடுவதில்லை. ஹிந்தியில் அவருக்கு ஆறேழு சொல் தெரியும். "பாயி சாப்! ஜல்தி நஹி! தீரே, தீரே!" என்பதற்குள் அது தீர்ந்துபோகும், மீதியைக் கையாலும் புருவத்தாலும் நடித்துக் காட்டுவார். வங்காளத்துக் குடும்பத் தலைவர் பணிவாகக் கேட்டு, பாதம், செம்பு, தோள் என்று வரிசை தவறாமல் செய்வார். அந்தச் சமயம் பார்த்து ஹரியானாப் பக்கத்து ஆள் ஒருவர், ஆறடி உயரம், நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு, "ஜெய் பத்ரி விஷால்!" என்று முழங்கிக்கொண்டு ஒரே குதியாய்க் குதிப்பார். ஆடினால்தான் சுடும் அல்லவா? அலை வந்து நம்மவர் மார்பில் மோதியதும், அதுவரை அசையாமல் வீற்றிருந்தவர் "ஐயோ அப்பா!" என்று எழுந்து நின்றுவிடுவார். குதித்தவர் ஒன்றும் ஆகாமல் சிரித்துக்கொண்டிருப்பார். ஒரு நிமிஷம் சபையில் மௌனம். பிறகு மெதுவாக உட்கார்ந்து, நம் பக்கம் திரும்பி, "அவங்க உடம்பு வேற சார். கோதுமை உடம்பு" என்று தீர்ப்புச் சொல்வார்.

அவர் வாயடைத்துப் போவது இன்னொரு அனுபவஸ்தர் வந்து இறங்கும்போது மட்டும்தான். யமுனோத்ரி சூரிய குண்டத்தில் அரிசியைத் துணியில் முடிந்து போட்டால் வெந்துவிடும் என்று நம்மவர் விவரித்துக்கொண்டிருப்பார். (வேகும். அந்தத் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரி. அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 90-ஐ ஒட்டித்தான்.) புதியவர் துண்டைப் பிழிந்துகொண்டே, "நான் கௌரிகுண்டத்துலயே குளிச்சிருக்கேன். 2013 வெள்ளம் அந்தக் குளத்தை அடிச்சுக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. அங்கே இனி யார் போனாலும் அந்தப் பழைய குளத்தில் குளிக்க முடியாது; ஆகவே அந்த சீனியாரிட்டியை யாரும் முந்தவும் முடியாது. நம்மவர் அரை அடி நகர்ந்து இடம் விடுவார்.

இவருடைய வீட்டு அம்மாள் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பெண்களுக்கு மறைப்போடு தனி இடம் உண்டு. அம்மாள் அங்கே போய், நாலு முழுக்குப் போட்டு, புடவை மாற்றி, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, அர்ச்சனைத் தட்டும் வாங்கிக்கொண்டு மேலே பாதையில் நிற்பார்.

"இன்னுமா குளிக்கிறீங்க? டூர் சமையல்காரர் பொங்கலைப் பாத்திரத்தோட எடுத்து வைக்கிறார்!"

"இதோ வந்துட்டேன். இந்த சார் புதுசு. இவருக்கு மட்டும் சொல்லிட்டு வரேன்."

போகப்போகிற உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். சோப்பு வேண்டாம். இதயக்கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். குண்டத்தில் கிடைக்கிற யோசனை அதற்கு உதவாது. எழுந்ததும் படியில் கொஞ்சம் உட்கார்ந்து மேலே ஏறுங்கள். காய்ந்த துணி கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். தண்ணீரில் இறங்குகிற விஷயத்தில் மட்டும் அந்த மனிதர் சொன்னபடி செய்யுங்கள், அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் நீங்கள் எந்த ஊர், எந்த டூரில் வந்தீர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னீர்களோ, தரிசன வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்கப்போகிறவர் அவர்தான்.