வேலியில் போன ஓணான்

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டு, பிறகு குத்துது குடையுது என்று ஒருவன் அழுதானாம். இந்தப் பழமொழியை அம்மா கனடாவில் எங்கள் ஸ்காபரோ வீட்டில் காலையும் மாலையும் சொல்லத் தொடங்கியது, மகன் ஒரு தாடி ஓணான் குஞ்சைக் கொண்டுவந்த நாளில் இருந்து. ஆங்கிலத்தில் அதற்கு ‘பியர்டட் டிராகன்’ என்று பெயர். டிராகன் என்றால் பறக்கவேண்டும், நெருப்புக் கக்கவேண்டும். இதுவோ ஒரு மரக்கட்டையில் ஏறி, விளக்குக்குக் கீழே வயிற்றைத் தட்டையாக்கிக்கொண்டு அரைநாள் படுத்திருக்கும். மகன் ரெக்ஸ் என்று பெயர் வைத்தான். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“உது ஓணான்தான். வெளிநாட்டு ஓணான்.”

விலங்கியலும் அம்மாவின் பக்கம்தான். ஊரில் கிளுவை வேலியில் இருந்து தலையாட்டும் ஓணானும், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுத் தாடி ஓணானும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். ஆஸ்திரேலியா தன் காட்டு ஓணான்களை வியாபாரத்துக்கு வெளியே விடுவதில்லை. அதனால் வட அமெரிக்கக் கடைகளில் விற்பவை பெரும்பாலும் இங்கேயே கூட்டில் பொரித்தவை. ரெக்ஸ் பிறப்பால் கனேடியர். அந்தச் செய்தி அவருடைய உடம்புக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

ஏனென்றால் அந்த உடம்பு கேட்பது இன்னமும் பாலைவனம். கண்ணாடிப் பெட்டியின் ஒரு மூலை 40 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும், மறுமூலை 25 இருக்கவேண்டும், சூடு கூடினால் இவர் நடந்துபோய்க் குளிர வசதியாக. எலும்பு வளர புறஊதாக் கதிர் வீசும் குழல் விளக்கு தனியாக. காற்றில் ஈரம் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குளிர் நாளில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே 15, வீட்டுக்குள் எரிவாயுக் கட்டணத்துக்குப் பயந்து நாங்கள் ஸ்வெட்டருடன் 20, ரெக்ஸ் மட்டும் 40. சாப்பாடு கரப்பொத்தான். யாழ்ப்பாணத்தில் அம்மா செருப்பால் அடித்துக் கொன்ற அதே சாதியை இங்கே காசு கொடுத்து வாங்கி, கரட் துண்டு போட்டு வளர்த்து, கல்சியப் பவுடர் பூசிப் பரிமாறுகிறோம். “கலியாணப் பொம்பிளைக்கும் இவ்வளவு பவுடர் பூசியிருக்கமாட்டம்” என்பது அம்மாவின் கருத்து.

இப்படி இருந்தபோதுதான் 2013 டிசம்பரில் ரொறன்ரோவின் மேல் உறைமழை பெய்தது. 21ஆம் திகதி இரவு விழுந்த மழை, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகி, மரக்கிளைகளை முறித்து, மின்கம்பிகளை அறுத்துப் போட்டது. சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. ஸ்காபரோவுக்குப் பலமான அடி. மனிதருக்கு ஜக்கெட், போர்வை, தேத்தண்ணி எல்லாம் உண்டு. ரெக்ஸுக்கு விளக்குத்தான் வெயில், அது அணைந்துவிட்டது. வீடு நேரத்துக்கு நேரம் குளிர்ந்துகொண்டு வந்தது. அந்த வீட்டில் 37 பாகையில் மிஞ்சியிருந்த ஒரே பொருள் என் நெஞ்சு. ஆகவே அவரைத் தூக்கிச் சேர்ட்டுக்குள் விட்டு, மேலே கோட்டைப் பூட்டி, கரண்ட் இருந்த ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குக் கார் ஓட்டினேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவர் நகத்தால் பிடியை மாற்றினார். பின்சீற்றில் இருந்து அம்மா கேட்டார்:

“குத்துதோ?”

“குத்துது அம்மா.”

“குடையுதோ?”

நான் பதில் சொல்லவில்லை.

கரண்ட் திரும்பி வந்து நாங்களும் வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தொடங்கியது. ரெக்ஸ் கரப்பொத்தானைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பினார். தாடி கறுத்தது. பயத்திலும் வருத்தத்திலும் தாடி கறுப்பது இந்த இனத்தின் வழக்கம். “டை அடிச்சதே?” என்று அம்மா கேட்டார். பிறகு பெட்டிக்குள் இருந்து மெல்லிய ‘டிக்’ சத்தம் வரத் தொடங்கியது. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கனடாவுக்கு வந்த நாள் முதல் ஒரு பல்லி சொல்லிக் கேட்டதில்லை என்ற குறை அவருக்கு. உடனே திசையும் கிழமையும் பார்த்தார். பஞ்சாங்கத்தில் தேடி, “செலவு வரும் எண்டு கிடக்கு” என்றார்.

பலன் அச்சொட்டாக நடந்தது. அந்தச் சத்தம் பல்லி சொல்லல்ல, மூச்சுக்குழாயில் சளி வெடிக்கும் சத்தம். கிட்டப் போய் டோர்ச் அடித்துப் பார்த்தபோது, மூக்குத்துவாரத்தில் கடுகளவு குமிழி ஒன்று ஊதி உடைந்தது. வாயைத் திறந்து வைத்திருந்தார். விளக்குக்குக் கீழே இருந்து வாயைப் பிளப்பது சூட்டைத் தணிக்க, அது சுகமான ஓணானும் செய்வது. குளிர்ந்த மூலையில் இருந்துகொண்டு வாயைப் பிளந்தால் மூச்சு முட்டுகிறது என்று பொருள். குளிரில் நோயெதிர்ப்புச் சக்தி படுத்துவிட, சும்மா இருந்த கிருமிகள் நெஞ்சில் குடியேறியிருந்தன.

“தடிமன்” என்றார் அம்மா. அவருடைய மருத்துவமனை அந்தக் கணமே திறந்தது. மல்லியும் வேர்க்கொம்பும் அடுப்பில் ஏறின. சித்தாலேப தைல டப்பா வந்தது. ஆவி பிடிக்கப் பானையும் துவாயும் தயார். காய்ச்சல் இருந்தால் அரைப் பனடோல். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரே பின்னிய ஒரு சின்னக் கம்பளிப் போர்வை.

எங்கள் பாட்டன் பூட்டன் கண்ட வைத்தியங்கள் எல்லாம் சொந்தமாகச் சூடு உண்டாக்கும் உடம்புக்கு. போர்வை சூட்டைத் தருவதில்லை, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாமல் பிடிக்கிறது. ரெக்ஸின் உள்ளே பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. குளிர்ந்த ஓணானைப் போர்த்தால் குளிர்தான் பத்திரமாக இருக்கும். ஆவி அதைவிட மோசம், ஈரம் கூடினால் அந்த நெஞ்சுக்கு ஆகாது. இதை விளக்கிச் சொன்னேன். அம்மா மல்லித்தண்ணியை எனக்குக் குடிக்கத் தந்துவிட்டு, “அப்ப டொக்டரிட்டக் கொண்டுபோ” என்றார்.

நாய், பூனை டொக்டர்கள் சந்திக்குச் சந்தி உண்டு. ஊர்வன என்றதும் தொலைபேசியில் ஒரு மௌனம், பிறகு மன்னிப்பு. கடைசியில் நகரின் மறு அந்தத்தில் ஒரு மருத்துவர் பார்க்கச் சம்மதித்தார். வரவேற்பில் இருந்த பெண் பெயர் கேட்டாள். ரெக்ஸ் என்றேன். குடும்பப் பெயர் கேட்டாள். விலங்குகளுக்கு உரிமையாளரின் குடும்பப் பெயர்தானாம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? கடவுச்சீட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். சற்று நேரத்தில் உள்ளே இருந்து ஒரு குரல், காத்திருந்த நாய்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்கும்படி அழைத்தது: “ரெக்ஸ் கந்தையா!”

அம்மா எழும்பவில்லை. “அந்த மனுசன் பள்ளிக்கூட அதிபரா இருந்தவர். கடைசியில ஓணானுக்குத் தேப்பன் ஆக்கிப்போட்டாய்” என்றார்.

மருத்துவர் தராசில் வைத்தார். 58 கிராம். எக்ஸ்ரே எடுத்தார். பிறகு சொன்னவற்றில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இந்தப் பிராணிகளுக்கு எங்களைப் போல உதரவிதானம் இல்லை என்பது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற அந்தத் தசை இல்லாததால் பலமாக இருமிச் சளியைத் துப்ப முடியாது. சளி உள்ளேயே தேங்கி, அமைதியாக நிமோனியா ஆகும். ஊசி மருந்து எழுதினார், மூன்று நாளுக்கு ஒன்று, வாரக்கணக்கில். முன்காலில்தான் போடவேண்டும். பின்பக்கத்து ரத்தம் இதயத்துக்குப் போகும் வழியில் சிறுநீரகத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதால், பின்காலில் போட்ட மருந்து வேலை செய்யுமுன்னே வெளியேறிவிடலாமாம். மருந்து நிரப்பிய ஊசிகளைப் பனிப்பெட்டியில் உறையவைக்கச் சொன்னார். கணவாய்க்கும் முருங்கைக்காய்ப் பைக்கும் நடுவில் அவை இடம் பிடித்தன. ரெக்ஸை வாங்கிய காசுக்கு அன்று எக்ஸ்ரேயின் ஒரு மூலையும் வந்திராது.

கிளம்பும்போது மருத்துவர் சொன்னார்: மருந்து பாதி, சூடு பாதி. உடம்பு குளிர்ந்திருந்தால் ஊசி பிரயோசனமில்லை. இதற்கு ஒரு பழைய ஆதாரம் உண்டு. 1970களில் அமெரிக்காவில் மத்தியூ குளூகர் என்ற உடலியல் ஆய்வாளரும் சகாக்களும் பாலைவன இகுவானா என்ற ஓணான் வகைக்குக் கிருமியை ஏற்றிவிட்டுக் கவனித்தார்கள். நோய் கண்டவை தாமாகவே எழும்பிப்போய், வழக்கத்தைவிடச் சூடான இடத்தில் இருந்தன. காய்ச்சலை உள்ளே உண்டாக்க முடியாததால், நடந்துபோய் எடுத்துக்கொண்டன. சூடான இடத்தில் வைக்கப்பட்டவை கூடப் பிழைத்தன, குளிரில் வைக்கப்பட்டவை கூடச் செத்தன. அஸ்பிரின் இனத்து மருந்தால் காய்ச்சல் அடங்கிப்போனவையும் செத்தன. இதைக் கேட்டதும் அம்மா பனடோல் பெட்டியை மேல் தட்டில் வைத்துவிட்டார்.

அதன்பிறகு வீடு ரெக்ஸின் ஆட்சிக்கு வந்தது. இரவில் வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் பீங்கான் ஹீற்றர் ஏறியது. ஈரப்பதம் கூட்டும் இயந்திரம் கனேடியக் குளிர்காலத்தில் மனித மூக்குக்கு அவசியம், ஓணான் நெஞ்சுக்கு ஆகாது. அது அடித்தளத்துக்குப் போனது. எங்கள் எல்லோருக்கும் உதடு வெடித்தது.

ஊசி நாளில் நான் பிடிப்பேன், மனைவி போடுவாள், அம்மா டோர்ச் பிடிப்பார். கையளவு உடம்பு, ஆனால் அதில் முள் இல்லாத இடம் குறைவு. முன்காலை மெல்ல இழுத்தால், செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே மெல்லிய சாம்பல் தோல் தெரியும். நூல்போன்ற ஊசி அதற்குள் போகவேண்டும். மருந்து ஒரு துளிக்கும் குறைவு. உச்சந்தலையில் ஒரு வெளிறிய புள்ளி இருக்கும். அது வெளிச்சத்தை உணரும் மூன்றாவது கண். மேலிருந்து வரும் பருந்தின் நிழலைக் காணவாம். எங்கள் வீட்டில் மேலிருந்து வருவது மனைவியின் கைதான். ஊசி முடிந்ததும் அவர் முன்கையை உயர்த்தி, மெதுவாக ஒரு வட்டம் போடுவார். குஞ்சுகள் ‘நான் சின்னவன், விட்டுவிடு’ என்று பெரியவர்களுக்குக் காட்டும் சைகை அது. “போயிட்டு வாறன் எண்டு சொல்லுது” என்று அம்மா கண் கலங்கினார். “போகேல்லை அம்மா, ஊசிக்காரிக்குக் கும்பிடுது” என்றேன்.

ஒருநாள் சத்தம் நின்றது. பிறகொரு நாள், பவுடர் பூசிய கரப்பொத்தான் ஒன்று பெட்டிக்குள் ஓட, நாக்கு வெளியே வந்து போனது. அம்மா கைதட்டினார். சமையல் தராசு 60ஐக் காட்டியபோது அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தார்.

இப்போது உங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஓணான் கேட்டால், முதலில் ஊர்வன பார்க்கும் மருத்துவரின் தொலைபேசி எண்ணைத் தேடுங்கள். அடுத்ததாக இரண்டு வெப்பமானி, ஒரு ஈரமானி, கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒரு திட்டம். ஓணான் கடைசி. நாய் முனகும், பூனை தும்மும், இது முடிந்தவரை நோயை மறைக்கும். மூக்கில் குமிழி, சூட்டில் இல்லாதபோதும் திறந்த வாய், மூச்சில் ‘டிக்’ சத்தம், சாப்பாட்டில் வெறுப்பு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த நாள் வரை காத்திராதீர்கள். தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சல்மொனெல்லா இந்தச் சாதியின் குடலில் சாதாரணமாக இருக்கும். மல்லித்தண்ணியை நீங்களே குடியுங்கள். நல்லாக வைத்தால் தாடி ஓணான் பத்து வருடம் இருக்கும், மின்கட்டணமும் அவ்வளவு காலம் வரும்.