எஞ்சின் ஆயில் மாற்ற நல்ல நேரம்

கார் வாங்கிய எல்லோருக்கும் கம்பெனிக்காரர்கள் ஒரு புத்தகம் இலவசமாகத் தருகிறார்கள். குளோவ் பாக்ஸில், இன்சூரன்ஸ் தாள், டோல்கேட் ரசீது, திருநீற்றுப் பொட்டலம் எல்லாவற்றுக்கும் அடியில், பாலிதீன் உறை பிரியாமல் அது கிடக்கும். எஞ்சின் ஆயிலை எப்போது மாற்றுவது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அதை அங்கேயே கிடக்க விடுவது. விடை அதில்தான் இருக்கிறது. அதுவும் ஒரே வரியில். ஒரே வரியில் முடிந்துபோகிற சங்கதியை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை எப்படி ஓட்டுவது?

ஆகவே ஆட்களைக் கேளுங்கள்.

மாமனாரிடமிருந்து தொடங்குவது மரியாதை. "மூவாயிரம் ஓடிட்டா கண்ண மூடிட்டு மாத்திரணும் மாப்பிள்ளை" என்பார். அம்பாசடர் வைத்திருந்தவர், பேசும் உரிமை அவருக்கு உண்டு. அவர் சொல்வது பொய் அல்ல, பழசு, அவ்வளவுதான். பெட்ரோல் வண்டி என்றால் அன்று கார்புரேட்டர். காலையில் சோக்கை இழுத்துவிட்டுக் கிளப்பினால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரோடு வழிந்து கீழே ஆயிலில் போய்க் கலக்கும். டீசல் என்றால் கந்தகம். அது எரிந்து அமிலமாகும். அந்த அமிலத்தை முறிக்கும் காரம் ஆயிலில் இருந்துதான் செலவாக வேண்டும். பிஎஸ்-3 காலத்து டீசலில்கூடப் பத்து லட்சத்துக்கு 350 பங்குவரை கந்தகம் இருக்கலாம் என்று விதி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது அது 10 ஆனது. மாமனார் ஓட்டிய காலத்து டீசலில் இதெல்லாம் கணக்கிலேயே வராத அளவுக்குக் கந்தகம். அவருடைய மூவாயிரம் அன்றைய எஞ்சினுக்கும் அன்றைய மினரல் ஆயிலுக்கும் ஒழுங்கான கணக்கு. இதையெல்லாம் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். "சரிங்க மாமா" போதும்.

அடுத்து மெக்கானிக். "நம்ம ஊர் தூசிக்கு ஐயாயிரம்தான் சார் லிமிட்டு" என்பார். தூசியும் உண்மை, அவருடைய ஷெட் வாடகையும் உண்மை. சர்வீஸ் சென்டரில் பத்தாயிரம் என்பார்கள். கால்டாக்ஸி ஓட்டும் தம்பி, "பதினஞ்சாயிரம் வரைக்கும் தொடவே மாட்டேன்ணே, ஒண்ணும் ஆகல" என்பார். மேல்வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரி மட்டும் மாற்றவே கூடாது என்பார்: "கொறஞ்சா ஊத்துங்க. எதுக்கு மாத்தணும்? எல்லாம் கம்பெனிக்காரன் பண்ற வியாபாரம்."

இப்போது உங்கள் கையில் நான்கு எண்ணும் ஒரு தத்துவமும் இருக்கின்றன. எண்களைக் கூட்டி நான்கால் வகுத்தால் 8,250 வரும். இதற்கும் உங்கள் எஞ்சினுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் சராசரி என்பதால் மனதுக்கு ஒரு தெம்பு.

எண்ணில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு நாடி முறை இருக்கிறது. பானெட்டைத் திறந்து, டிப் ஸ்டிக்கை உருவி, நுனியில் நிற்கும் சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு முகர வேண்டும். பிறகு, சித்த வைத்தியர் மணிக்கட்டை விட்டுவிட்டு நிமிர்வதுபோல் நிமிர்ந்து, கொஞ்சம் இடைவெளி கொடுத்து, "கறுத்துப்போச்சு" என்று சொல்ல வேண்டும். சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள்.

கறுப்பதுதான் அதன் வேலை என்று அந்த நேரத்தில் யாரும் சொல்லிவிடக் கூடாது. டீசல் எஞ்சினில் புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரித்துகள் ஒன்றோடொன்று ஒட்டி எங்கேயாவது படிந்துவிடாமல், தனித்தனியாக மிதக்கவிடும் ரசாயனத்தை ஆயிலில் கலந்திருக்கிறார்கள். அது வேலை செய்தால் ஆயில் கறுக்கும். சிஎன்ஜி வண்டியில் நேர்மாறு. ஆயுள் முடிந்த ஆயில்கூடத் தேன் நிறத்தில் பளபளக்கும். தேய்மானத்தைத் தடுக்கிற துத்தநாகச் சேர்மம் தீர்ந்ததா, அமிலத்தை முறிக்கும் சக்தி இன்னும் மிச்சம் உண்டா என்பதெல்லாம் ஆய்வகத்துக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. வெண்பழுப்பாகக் குழம்பிப்போயிருந்தால் மட்டும் நிறத்தை நம்புங்கள். கூலன்ட் உள்ளே கலக்கிறது என்று பொருள் கொண்டு, வண்டியைக் கிளப்பாமல் கட்டி இழுத்துப் போகச் சொல்ல வேண்டும்.

மற்றபடி டிப் ஸ்டிக்கில் தெரிவது அளவு. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிஷம் பொறுத்து, குச்சியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஆனால் வெறும் அளவு பார்க்கிறவரைத் தெருவில் யாரும் நிபுணர் என்று சொல்வதில்லை.

இத்தனைக்குப் பிறகும் மனம் ஆறாமல் அந்தப் பாலிதீன் உறையைக் கிழித்தே விடுகிறவர்கள் உண்டு. இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் அவர்கள் காணும் வரி இது: 10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது. அத்துடன் மூடிவிடுவது உடம்புக்கு நல்லது. இன்னும் புரட்டினால் 'கடினமான பயன்பாடு' என்று ஓர் அட்டவணை வரும். அப்படி ஓட்டுகிறவர்கள் இடைவெளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும். பல வண்டிகளுக்குப் பாதியாக. கடினம் என்றதும் நமக்கு நெய்வேலிச் சுரங்கமும் லடாக் மலையும் ராணுவ ஜீப்பும் கண்ணில் வரும். நாமோ பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, திரும்பும் வழியில் கீரைக்கட்டு வாங்கி வருகிறவர்கள். நமக்கில்லை என்று பக்கத்தைத் தள்ளிவிடுகிறோம்.

அந்த அட்டவணை பேசுவது நம்மைப் பற்றித்தான். குறைந்த தூரப் பயணம், நின்று நின்று நகரும் டிராஃபிக், தூசி. கீரை வாங்கப் போவதுதான் எஞ்சின் ஆயிலுக்குக் கொடுமை. மதுரைக்குப் போவது அல்ல.

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்ஸர் வழியாக ஆவியாகப் போய்விடும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் குழாய் நுனியில் சொட்டுவது அதுதான். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி, குளிர்ந்திருக்கும் எஞ்சினுக்குள் நீராகப் படியும். எஞ்சின் சூடேறும்வரை பெட்ரோலும் தாராளமாகவே தெளிக்கப்படுவதால், அதிலும் ஒரு பங்கு கூடவே இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறிக் கொஞ்ச நேரம் அப்படியே ஓடினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டரில் அது நடக்காது. மீட்டரில் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்பீர்கள். அது கூலன்டின் சூடு. ஆயில் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வரும், வந்து சேர்வதற்குள் நீங்கள் கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விட்டிருப்பீர்கள்.

டிராஃபிக் கணக்கு இன்னும் வேடிக்கை. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் ஓடுகிறது, கிலோமீட்டர் ஓடுவதில்லை. மாலை நேரத்து ஓஎம்ஆரில் மணிக்குச் சராசரியாக 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் கிலோமீட்டர் முடிய எஞ்சின் 660 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அதே பத்தாயிரம் 170 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மீட்டர் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். சென்னைக்கும் மதுரைக்கும் ட்ரிப் அடிக்கிற கால்டாக்ஸி தம்பிக்குப் பதினைந்தாயிரம் வரை ஒன்றும் ஆகாதது இதனால்தான். அவர் எஞ்சின் காலையில் ஒருமுறை சூடேறினால் இரவுவரை ஆறுவதே இல்லை. அதற்காக அவர் எண்ணை வாங்கி உங்கள் கீரைக்கடைக் காருக்குப் போடாதீர்கள்.

"நான் வண்டியையே எடுக்கறதில்லை, வருஷத்துக்கு மூவாயிரம்கூட ஓடாது" என்று பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு வரியின் பின்பாதி இருக்கிறது. எது முதலில் வருகிறதோ அது. இப்படிப்பட்ட கார்களை ஆயுத பூஜை அன்று பார்க்க வேண்டும். ஷாம்பூ போட்டுக் கழுவி, பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை சாத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சாம்பல் பூசணியும் உடைத்திருப்பார்கள். பானெட்டுக்கு மேலே இத்தனையும் நடக்கும். கீழே போன ஆயுத பூஜைக்கும் முந்தைய ஆயில், ஈரமும் அமிலமுமாக உட்கார்ந்திருக்கும். என் கருத்தைக் கேட்டால், இவர்களுக்கு ஆயுத பூஜையைவிடச் சிறந்த தவணைத் தேதி கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை வரும், மறக்காது, காலண்டரில் சிவப்பாக இருக்கும். பூஜைக்கு முந்தின வாரம் மாற்றிவிடுங்கள். அன்றைக்குப் போனால் மெக்கானிக் பொரி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பிஎஸ்-6 டீசல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. மாதாமாதம் டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயில் குறையாது; சிலருக்குக் கூடும். எஞ்சின் ஆயில் தானாகச் சுரக்கிறது என்று வீட்டில் பாயசம் வைத்துவிட வேண்டாம். புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது நிறைந்ததும், கூடுதல் டீசலைத் தெளித்து வடிகட்டியைச் சூடாக்கி, கரியை எரித்துத் தள்ள வண்டியே முயலும். அதற்குக் கொஞ்ச தூரம் நிற்காமல் ஓட வேண்டும். நீங்கள் பாதியில் மளிகைக்கடை வாசலில் அணைத்துவிடுவீர்கள். எரியாத டீசல் ஆயிலுக்குள் இறங்கும், வண்டி மறுநாள் மறுபடி முயலும், நீங்கள் மறுபடி அணைப்பீர்கள். அளவு மேல்கோட்டைத் தாண்டினால் பத்தாயிரத்துக்குக் காத்திராமல் அன்றைக்கே மாற்ற வேண்டியதுதான். தினமும் கடைக்கு மட்டும் போகிறவர் ஏன் டீசல் வாங்கினார் என்று கேட்காதீர்கள். லிட்டருக்கு எத்தனை ரூபாய் மிச்சம் என்று கணக்கு காட்டுவார்.

இனி கடைக்குப் போகலாம். 'கெட்டியான ஆயில் கொடுங்க' என்று கேட்பது மரபு. கடைக்காரரும் 20டபிள்யூ-40 டப்பாவை எடுத்து மேஜைமேல் வைப்பார். புத்தகம் 0டபிள்யூ-20 என்றோ 5டபிள்யூ-30 என்றோ சொல்லியிருக்கும். டபிள்யூ என்றால் குளிர்காலம், நம் ஊரில் மார்கழிக்கு மப்ளர் கட்டுவதோடு குளிர் முடிந்துவிடுகிறது, அதனால் முதல் எண் நமக்கு எதற்கு என்பது டீக்கடை வாதம். மனுஷனுக்கு 30 டிகிரி புழுக்கம். 100 டிகிரியில் வேலை செய்யப் பிறந்த ஆயிலுக்கு அது குளிர்தான். காலையில் கிளப்பிய நொடியில் மேலே கேம் ஷாஃப்ட் வரைக்கும் ஓடிச் சேர வேண்டும், கெட்டியாக இருந்தால் நேரமாகும், தேய்மானம் அந்த நேரத்தில்தான் அதிகம். டப்பாவில் ஏபிஐ என்று போட்டு இரண்டு எழுத்து இருக்கும். பெட்ரோல் வண்டிக்கு எஸ்-ஸில் தொடங்கும். அடுத்த எழுத்து அகரவரிசையில் தள்ளிப்போகப் போகப் புதிய தரம். எஸ்பி 2020-இல் வந்தது. எஸ்எஃப் என்றிருந்தால் அது 1988 வரையிலான எஞ்சின்களுக்கு எழுதிய தரம். விலை மலிவாகத்தான் இருக்கும், மாமனாரின் அம்பாசடர் இன்னும் ஓடினால் வாங்குங்கள்.

ஷெட்டில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் கடைசி அரை லிட்டர். உங்கள் எஞ்சின் 3.1 லிட்டர் கேட்கும். டப்பா மூன்றரை லிட்டர். பையன் புனலை வைத்து ஊற்றிக்கொண்டே, "மிச்சம் கொஞ்சம்தான் இருக்கு சார், ஊத்திரட்டா?" என்பான். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று நம் தலை தானாக ஆடும். கோட்டுக்கு மேலே போன ஆயிலைக் கிராங்க் ஷாஃப்ட் அடித்துக் கலக்கி நுரையாக்கும். பம்ப் அந்த நுரையை இழுத்து பேரிங்குகளுக்கு அனுப்பும். நுரை எதையும் காப்பாற்றாது. மிச்சத்தை மூடி எடுத்து வாருங்கள், டாப்-அப்புக்கு ஆகும். ஃபில்டரையும், கீழே ட்ரெயின் நட்டின் வாஷரையும் மாற்றினானா என்று குனிந்து பார்த்தால் அவனுக்குப் பிடிக்காது. குனியுங்கள். 'எஞ்சின் ஃபிளஷ்' பண்ணலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தக் காசில் அடுத்த ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள்.

இறக்கிய கழிவு ஆயிலை வீட்டுக்குக் கேட்டு வாங்கிவரும் வழக்கம் உண்டு. வேலிக் கம்புக்குக் கறையான் பிடிக்காமல் அடிக்க, சென்டரிங் பலகையில் காரை ஒட்டாமல் தடவ. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. ஷெட்டின் டிரம்மிலேயே விட்டுவிடுங்கள், பழைய ஆயில் சுத்திகரிப்பவர்கள் எடுத்துப் போவார்கள்.

காலி டப்பா மட்டும் உங்களோடு வர வேண்டும். முழுசாக விட்டால் அது ஏதோ ஓர் ஊரில் போலி ஆயிலோடு, புது மூடி போட்டு, கடை அலமாரியில் ஏறிவிடும். ஓட்டை போட்டுத்தான் எறிய வேண்டும். ஆனால் நல்ல கெட்டி டப்பாவை ஓட்டை போட்டு எறிய எந்த வீட்டிலும் சம்மதம் கிடைக்காது. சோப்புத் தூள் போட்டு நன்றாகக் கழுவி, மேலே வாயை அறுத்து, அடியில் நான்கு துளை போட்டுக் கற்றாழை வைத்துவிடுங்கள். ஸ்டிக்கர் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கட்டும், மேல்வீட்டு அதிகாரி பார்த்தால் எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்பார்.