சித்தன்னவாசலில் நூற்பித்தர்

வரலாற்று நூல்களைப் படித்துவிட்டு, அவற்றில் வரும் இடங்களை நேரில் சரிபார்க்கப் புறப்படுபவரை, வேறு நல்ல பெயர் கிடைக்காத காரணத்தால், இக்கட்டுரை நூற்பித்தர் என்று குறிக்கிறது. ஏனையோர் ஓர் இடத்தைப் பார்க்கச் செல்கின்றனர். நூற்பித்தரோ, தாம் படித்தபடி அவ்விடம் ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று தணிக்கை செய்யச் செல்கிறார். இவ்வினத்தாரை ஆராய, அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசலைவிடத் தக்க களம் இல்லை.

அங்குள்ள அறிவர் கோயில் ஒரு சமணக் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து உள்ளேயே அமைத்த கோயில். அதன் விதானத்தில், அதாவது உட்கூரையில், தாமரைக் குளமும் மீன்களும் யானைகளும் பூப்பறிக்கும் ஆடவரும் தீட்டப்பட்டுள்ளனர். ஓவியமோ தலைக்கு மேல் இருக்கிறது, விளக்கமோ கையில் இருக்கிறது. ஆகவே அண்ணாந்தும் குனிந்தும் கழுத்து நோவும் நூற்பித்தர், அக்குளம் தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணம் என்னும் தெய்விக அவையைச் சார்ந்தது என்று தம் இல்லத்தரசிக்கு வாசித்துக்காட்டுகிறார். அதற்குள் அவ்வம்மையார், "இங்க ஒரு யானை தெரியுதுங்க" என்று சொல்லிவிட, "எத்தனாவது பக்கம்?" என்பதே அவர் மறுமொழி.

ஓவியத்தின் காலம் பற்றியும் நூல்கள் ஒருமைப்படுவதில்லை. 1920-இல் துப்ராய் என்னும் பிரெஞ்சு அறிஞர் இவ்வோவியங்களை உலகறியச் செய்தபின், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனுக்கே இவை உரியன என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. பின்னர், 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கூறும் கல்வெட்டைக் கொண்டு, ஓவியங்கள் பாண்டியர் காலத்தவை என்ற கருத்து வலுப்பெற்றது. ஆகவே பழைய நூலை வாங்கியவர் பல்லவனை நினைந்து உருகுகிறார், புதிய நூலை வாங்கியவர் பாண்டியனை நினைந்து உருகுகிறார். உருக்கத்தின் அளவில் வேறுபாடு ஏதும் காணப்படவில்லை.

நூலின் படத்தில் பளிச்சென்றிருக்கும் தாமரை, கூரையில் மங்கிக் கிடப்பது கண்டு, அசல் நகலைப் போல இல்லையே என்று நூற்பித்தர் குறைபடுவதும் உண்டு. நகைப்புக்குரியதாயினும் இக்குறையில் நியாயம் இருக்கிறது. உதிர்ந்துபோன பகுதிகளைப் பழைய கோட்டுப்படங்களின் துணையின்றி எவராலும் முழுமையாக உணர இயலாது. இங்கு நூல் சுமைகூலிக்கு ஈடாகிவிடுகிறது.

ஏழடிப்பட்டத்தில் நிலைமை வேறு. பாறையில் வெட்டிய ஏழு படிகளால் பெயர்பெற்ற அந்த இயற்கைக் குகை, குன்றின் மறுபக்கத்தில் உள்ளது. அங்கே சமண முனிவர்க்கு வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகளும், கிறித்துவுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. வெயிலில் குன்றேறி, இரும்புக் கம்பியைப் பற்றியபடி ஒருபுறம் பள்ளத்தைப் பார்த்து நடப்பவர்க்குப் பக்கத்தைப் புரட்ட மூன்றாவது கை வாய்ப்பதில்லை. எனவே அங்குச் செல்லும் அன்பர்கள், பையில் ஒரு நூலைக் குறைத்து ஒரு தண்ணீர் பாட்டிலைக் கூட்டிக்கொள்வார்களாக.