கப்பக்காரர் சரித்திரம்

விளையாத ஊரை எவனும் கொள்ளையடிப்பதில்லை. நாஞ்சில் நாடு விளைந்தது. அதுதான் அது செய்த குற்றம். பதினேழாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் படை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து வந்து போனது. காரணம் கேட்டால் கணக்கு சுத்தமாக இருக்கும்: வேணாட்டரசர் கட்ட வேண்டிய கப்பம் பாக்கி. பாக்கி வைத்தவர் அரண்மனையில் இருந்தார். வசூல் மட்டும் வழியில் கிடந்த நாஞ்சில் வயல்களில் நடந்தது. அவர்கள் போன கையோடு வேணாட்டு அதிகாரி வந்து, ‘இந்த வருஷத்து வரி எங்கே வே?’ என்று நிற்பார்.

1635 வாக்கில் இதைத் தடுக்கப் போனவர் தளபதி இரவிக்குட்டிப் பிள்ளை. கணியாகுளத்தில் திருமலை நாயக்கர் படையோடு மோதி இறந்தார். கூட நின்றிருக்க வேண்டிய சக மந்திரிமார் நைசாக ஒதுங்கிக்கொண்டார்கள் என்று கதைப்பாடல் சொல்கிறது. எந்த அலுவலகத்திலும் கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பார்க்கிற ஆளுக்கு இன்றைக்கும் இதே கதிதான். பாட்டு கட்டத்தான் யாரும் இல்லை.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டு நாட்டார்கள் கூட்டம் போட்டு, முறைகெட்ட வரி எதையும் இனிக் கொடுப்பதில்லை என்று தீர்மானம் எழுதிவிட்டார்கள். ‘கப்பம் கேட்டால் கொடுக்காதே’ என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சொல்ல இன்னும் முந்நூறு வருஷம் இருந்தது.

இப்போது நாயக்கரும் இல்லை, வேணாடும் இல்லை. வயலில் பாதியைப் பிளாட் போட்டாயிற்று. கப்பம் கேட்கும் தொழில் மட்டும் படிப்படியாக உயர்ந்து கம்ப்யூட்டருக்குள் ஏறிவிட்டது. ரான்சம்வேர் என்கிறார்கள். உன் கோப்புகளை உன் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவிக்குக் காசு கேட்பது. பொருளைத் தூக்கிக்கொண்டு போகும் சிரமம்கூட இல்லை.

இந்தப் பரம்பரைக்கு ஆதிபுருஷர் ஜோசப் பாப். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் பபூன் குரங்குகளை ஆராய்ந்தவர். 1989 டிசம்பரில் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி சுமார் 20,000 பிளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார். வாங்கிப் போட்டவர்கள் கம்ப்யூட்டரை 90 தடவை வரை நிம்மதியாகத் திறந்து மூடினார்கள். அதற்குப் பிறகு கோப்புகளின் பெயரெல்லாம் அலங்கோலமாகி, ‘வாடகை 189 டாலர், பனாமா நாட்டுத் தபால்பெட்டிக்கு அனுப்பவும்’ என்று ஓலை வந்தது. ஆயுள் சந்தா 378 டாலர். கொள்ளையிலும் ஆயுள் சந்தா வைத்த மகான் அவர் ஒருவர்தான்.

திட்டத்தில் ஓட்டை இருந்தது. பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி; பூட்டிய நிரலுக்குள்ளேயே அது கிடந்தது. ஜிம் பேட்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் அதைத் தோண்டி எடுத்து இலவசமாகக் கொடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் வெப்ராளப்பட்டு எல்லாவற்றையும் அழித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். இத்தாலியில் ஓர் ஆய்வு நிறுவனம் பத்தாண்டு உழைப்பை அப்படித் தொலைத்தது என்பார்கள். டாக்டர் பாப் பிடிபட்டார். மூக்கில் ஆணுறையும் தாடியில் சுருள் கிளிப்பும் மாட்டிக்கொண்டு திரிந்ததால், விசாரணைக்குத் தகுந்த மனநிலை இல்லை என்று விட்டுவிட்டார்கள். கடைசிக் காலத்தில் அவர் பெயரில் ஒரு பட்டாம்பூச்சிப் பூங்கா வந்தது.

1996-இல் ஆடம் யங், மோட்டி யுங் என்ற இருவர் அந்த ஓட்டையை எப்படி அடைக்கலாம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறு சாவி. திறக்கும் சாவி கொள்ளைக்காரன் மடியில். எச்சரிக்கையாகத்தான் எழுதினார்கள். எச்சரிக்கையை ஒழுங்காகப் படிப்பவன் எப்போதும் எதிரிதான். பிறகு பிட்காயின் வந்து பனாமா தபால்பெட்டியின் வேலையை ஏற்றுக்கொண்டது. 2013-இல் கிரிப்டோலாக்கர் என்ற ரான்சம்வேர் வந்தது. கடை திறந்துவிட்டது.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாகிரை என்ற ரான்சம்வேர். 150 நாடுகள், 2 லட்சத்துக்கும் மேல் கம்ப்யூட்டர்கள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் படுத்தன. ஆந்திரத்தில் போலீஸ் ஸ்டேஷன் கம்ப்யூட்டர்கள். திருடனைப் பிடிக்கிற இடத்திலேயே திருடன் பூட்டுப் போட்டான். திருப்பதி தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்களும் மாட்டின. உண்டியலில் போடுவதையே பார்த்துப் பழகிய ஏழுமலையானிடம் ஒருவன் வந்து 300 டாலர் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். நமக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் பஞ்சாயத்து அலுவலகங்கள். மிரட்டல் ஓலை 28 மொழிகளில் வந்தது. அதில் தமிழும் கிடையாது, இந்தியும் கிடையாது. அந்த மட்டில் திணிப்பு இல்லை.

இதற்கு ஆயுதம் கொடுத்தது யார் என்றால், அமெரிக்க உளவு அமைப்பு என்.எஸ்.ஏ. விண்டோஸில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் தனக்கென்று வைத்திருந்தது. அதைத் திருடர்கள் திருடிப் பொதுவில் போட்டார்கள். மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை மார்ச் 14-இலேயே அடைத்து அப்டேட் கொடுத்திருந்தது. தாக்குதல் வர இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் உலகம் ‘பிறகு நினைவூட்டு’ என்ற பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது.

நிறுத்தியவர் மார்கஸ் ஹட்சின்ஸ், 22 வயது இங்கிலாந்துப் பையன். அந்த நிரல் எங்கு போனாலும் கன்னாபின்னாவென்ற ஓர் இணைய முகவரியைத் தேடுகிறது, கிடைக்காவிட்டால்தான் பூட்டுகிறது என்று கவனித்தார். 10 டாலர் சொச்சம் கொடுத்து அந்த முகவரியைத் தன் பெயரில் பதிந்தார். பரவல் நின்றது. மூன்று மாதம் கழித்து, பழைய வங்கிக் கொள்ளை நிரல் ஒன்றை எழுதிய வழக்கில் அமெரிக்கா அவரை லாஸ் வேகாஸில் கைதுசெய்தது. 2019-இல்தான் நீதிபதி, இருந்த சிறை போதும் என்று அனுப்பினார்.

இந்த விஷயத்தில் நம் வேணாட்டு ராஜா மார்த்தாண்ட வர்மாவின் மூளை வேறு. 1741-இல் குளச்சலில் டச்சுப் படை தோற்றது, அதிலிருந்த டிலனாய் பிடிபட்டார். உள்ளே புகுந்தவனுக்குத்தானே எங்கே புகலாம் என்று தெரியும்? அவரையே படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்து, கோட்டை கட்ட வைத்து, உதயகிரியில் பீரங்கி வார்க்க வைத்தார் ராஜா. வலிய கப்பித்தான் என்று பட்டம் வேறு. 1777-இல் இறக்கும்வரை மனுஷர் இங்கேதான் இருந்தார். தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கும். எத்திக்கல் ஹேக்கருக்குச் சம்பளம் கொடுத்த முதல் அரசு நம்முடையது என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தயக்கமே இல்லை.

மார்த்தாண்ட வர்மாவுக்குப் பின்னால் வந்தவர்கள் ஆன்டிவைரஸ் சந்தாவில் விழுந்தார்கள். அதன் பெயர் கிழக்கிந்தியக் கம்பெனி. 1795-இல் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று. 1805-இல் புதுப்பித்தபோது கட்டணம் வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய். கையெழுத்துப் போட்ட திவான் தலக்குளத்து வேலுத்தம்பி. பணம் கட்ட முடியாமல் திணறியபோதுதான் அவருக்குத் தெரிந்தது, யாரிடமிருந்து பாதுகாப்பு வாங்குகிறோமோ அவனேதான் ஆபத்து என்று. அன்இன்ஸ்டால் செய்யக் கிளம்பினார். ஆரல்வாய்மொழியில் கணவாயை மறித்து நீண்ட மதில், மேலே பீரங்கிகள். கர்னல் செயின்ட் லெஜரின் கம்பெனிப் படை வந்தது. மதிலில் முட்டவில்லை. மேஜர் வெல்ஷ் ஆட்களோடு ராத்திரியோடு ராத்திரியாகத் தெற்குப் பக்கத்து மலையில் ஏறினார். 1809 பிப்ரவரி 10 காலையில், மதிலுக்கு முன்னால் எதிரியைத் தேடியவர்களுக்குத் தலைக்கு மேலே எதிரி தெரிந்தான். சில நாளில் உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையில்லாமல் கைமாறின.

நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மேஜர் வெல்ஷ் மலை ஏறவும் வேண்டாம். நாமே கூப்பிட்டு உட்காரவைக்கிறோம். வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ கல்யாண ஆல்பம் அடிக்கிற ஸ்டூடியோ அண்ணாச்சி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். போட்டோஷாப் காசு கொடுத்து வாங்கினால் கட்டுப்படியாகாது. மருமகன் முறையில் ஒரு பையன் சொல்வான்: ‘மாமா, கிராக் இருக்கு. ஆன்டிவைரஸ் கத்தும், அத ஆஃப் பண்ணிட்டுப் போடணும், கேட்டேளா.’ கோட்டைக் காவலனைத் தூங்கச் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கும் திட்டம். 2018 கடைசியிலிருந்து ஸ்டாப்-டிஜேவியூ என்ற கூட்டம் பிழைத்தது பெரும்பாலும் இந்த வாசலில்தான். விண்டோஸ் அப்டேட் ஆகிறது என்று பொய்த்திரை ஒன்றைக் காட்டும். வாழ்க்கையில் முதல்தடவையாக அண்ணாச்சி அப்டேட்டைப் பொறுமையாக முடியவிடுவார். உள்ளே பூட்டு நடக்கும். பிறகு ஓலை: 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை, 490. போத்தீஸிலும் கிடைக்காத ஆடித் தள்ளுபடி. நம்பிக்கைக்கு ஒரு கோப்பு இலவசமாகத் திறந்து காட்டப்படும்.

அரசாங்கத்துக்கும் வந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் கம்ப்யூட்டர்களைப் பூட்டி 1,950 டாலர் கிரிப்டோவில் கேட்டார்கள். ஒரு மாநில அரசுக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. அதே அரசு 2011-இலிருந்து பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. விண்டோஸுக்கு எழுதிய ரான்சம்வேரால் அதைத் தொட முடியாது. பிள்ளைகளும் தொடவில்லை.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற இன்னொரு நிரல் வந்தபோது மேர்ஸ்க் கப்பல் கம்பெனியின் உலகக் கம்ப்யூட்டர்கள் மொத்தமாகப் படுத்தன. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையமும் நின்றது. அதில் காசு கொடுத்தாலும் கோப்பு திரும்பாது, சாவியே கிடையாது. கம்பெனி முழுக்கத் தேடியதில் முக்கியமான ஒரு தகவல் தொகுப்பின் நல்ல நகல் கானா நாட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் கிடைத்தது. எப்படித் தப்பியது? தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் தினம் பல மணி நேரம் இந்தப் பாதுகாப்பைக் கொடுத்தார்கள்; நாம்தான் திட்டினோம்.

அந்தக் கரண்ட் கட்டைக் கையால் செய்துகொள்வதுதான் வழி. போட்டோ, பத்திரம், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, ஒயரைப் பிடுங்கி அலமாரியில் வைப்பது. எப்போதும் சொருகியே கிடக்கிற டிஸ்க் நகல் இல்லை; வருகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டுவான். கூகுள் டிரைவில் ஏறுகிறதே என்றால், பூட்டிய கோப்பும் கடமை தவறாமல் ஏறும். விதை நெல்லைக் களத்தில் போட்டா வைப்பார்கள்? இதுபோக, விண்டோஸ் டிபெண்டரில் கோப்புறைகளைக் காப்பதற்கென்றே ஒரு வசதி 2017-இலிருந்து இருக்கிறது, அணைந்த நிலையில்; போய் இயக்கிவிடலாம். கோப்புப் பெயரின் வாலை மறைக்காமல் காட்டச் சொல்லலாம், ‘பில்’ என்று வருவது பிடிஎஃபா நிரலா என்று தெரியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. இன்னும் அதையே வைத்திருப்பவர் ஆளில்லாத கணவாய் மதிலுக்குப் பின்னால் படுத்திருக்கிறார்.

பூட்டியாயிற்று என்றால்? முதலில் நெட்டைப் பிடுங்க வேண்டும், வைஃபையையும் சேர்த்து. ஓலையைப் போனில் போட்டோ எடுக்க வேண்டும். மருமகன் ‘பார்மேட் பண்ணிரலாம் மாமா’ என்பான். இத்தாலிக்காரர்களை நினைத்துக்கொண்டு அவனுக்கு ஒரு ரசவடை வாங்கிக் கொடுத்து உட்காரவைக்க வேண்டும். 1930-க்கு அழைத்துப் புகார் சொல்ல வேண்டும். வேறு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். டிஜேவியூ பல நேரம் பாஸ்வேர்டு திருடியையும் கூட்டிக்கொண்டு வரும். பிறகு ‘நோ மோர் ரான்சம்’ தளம்: 2016-இல் டச்சுப் போலீஸும் யூரோபோலும் கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பெனிகளும் சேர்ந்து தொடங்கியது. அங்கே பூட்டிய கோப்பைக் காட்டினால் எந்த வகை, சாவி உண்டா என்று சொல்வார்கள். டிஜேவியூவின் பழைய வகைகள் நிறைய திறந்துவிட்டன. புதியதில் சாவி வாய்ப்பு குறைவு. ஆனால் டிஜேவியூ அவசரக்காரன். ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவுதான் பூட்டுகிறான். போட்டோ போனாலும், பெரிய கல்யாண வீடியோவைப் பல நேரம் சரிசெய்து எடுத்துவிடலாம். தாலி கட்டுகிற இடம் எப்படியும் நடுவில்தானே வரும்.

‘உறுதியாக மீட்டுத் தருகிறோம்’ என்று பெரிய தொகை கேட்கும் கடைகளிடம் மட்டும் கவனம். அமெரிக்காவில் அப்படிப்பட்ட சிலர், ரகசியமாகக் கொள்ளைக்காரனுக்கே காசு கட்டிச் சாவி வாங்கி, தங்கள் லாபத்தையும் சேர்த்து வசூலித்தது 2019-இல் அம்பலமானது.

சாவி இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு வரலாம். 2016 மே மாதம் டெஸ்லாகிரிப்ட் என்ற ரான்சம்வேர்க் கூட்டம் கடையைச் சாத்தியது. ஈசெட் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் ஒருவர், காசு கட்டுகிறவர்களுக்காக அவர்கள் வைத்திருந்த உதவிப் பக்கத்திலேயே போய், எல்லாவற்றையும் திறக்கும் சாவியைக் கொடுத்துவிடுங்களேன் என்று கேட்டார். கொடுத்துவிட்டார்கள், மன்னிப்பும் கேட்டு. அதனால் பூட்டிய டிஸ்க்கை அழிக்காமல், என்ன வால், என்ன தேதி என்று மேலே எழுதி ஒட்டிப் பீரோவில் வைக்கலாம். எழுதாமல் வைத்தால் வீட்டில் யாராவது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவார்கள்.