என்ஜினுக்குப் புரையேறுமா?

கேள்வி: விமான என்ஜினைத் தரையிலேயே முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிடலாமே! ஆகாயத்தில் வேறு எதற்குச் சோதனை?

பதில்: தரையில் எல்லா என்ஜினும் சமர்த்துதான்! 11 கி.மீ. உயரத்தில் காற்றழுத்தம் கால் பங்குக்கும் கீழே. குளிரோ மைனஸ் 56 டிகிரி. இதைத் தரையிலுள்ள சோதனை அறையிலும் வரவழைக்கலாம். ஆனால் விமானம் மூக்கைத் தூக்கித் திரும்பும்போது காற்று கோணலாக நுழையுமே, அது அங்கே முழுதாகக் கிடைக்காது.

அவசரமாகச் சாப்பிட்டால் நமக்குப் புரையேறுகிற மாதிரி, காற்று அப்படிக் கோணலாக நுழைந்தால் என்ஜினில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸருக்கும் ஏறலாம். பிளேடுகளில் காற்றோட்டம் பிசகி, அழுத்திய காற்று வந்த வழியே திரும்பிப் பாயும். ‘டமார்’ என்று சத்தம். சில சமயம் முன்வாயிலேயே தீ தெரியும். ‘சர்ஜ்’ என்பார்கள். அது வருகிறதா என்று பார்க்கத்தான் சோதனை விமானி, என்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைச் சடாரென்று தள்ளுவார், இழுப்பார், உடனே மறுபடி தள்ளுவார். நடுவானில் என்ஜினை அணைத்துவிட்டு மீண்டும் பற்றவைத்தும் பார்ப்பார்.

பயப்படாதீர்கள், துணைக்கு ஆள் உண்டு. நம் தேஜஸ் போர் விமானத்துக்காக உருவான காவேரி என்ஜினை, ரஷ்யாவில் மாஸ்கோ அருகே உள்ள குரோமோவ் ஆய்வு நிலையத்தில், ஐஎல்-76 விமானத்தின் நான்கு என்ஜின்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டினார்கள். மற்ற மூன்றும் பத்திரமாக வீடு சேர்த்துவிடும் அல்லவா! 2010 நவம்பர் 3 அன்று முதல் பயணம்: ஒரு மணி நேரம், 6,000 மீட்டர் உயரம், ஒலியின் வேகத்தில் 0.6 பங்கு.

தேஜஸுக்கு வேண்டிய உந்துவிசையைக் காவேரி எட்டவில்லை. தேஜஸில் இன்று அமெரிக்க என்ஜின்தான் ஓடுகிறது. அந்த வருத்தம் எனக்கு நிறையவே உண்டு. ஆனாலும் பெங்களூருவில் வடிவமைத்த என்ஜின் ஆகாயம் ஏறிய அந்த நாள், என்னைக் கேட்டால், பெரிய நாள்தான்.