மூவர் இருக்கையில் நான்காமவர்

மொழிபெயர்ப்பே தேவைப்படாத அளவுக்குக் கொங்கு நாட்டில் வேரூன்றிவிட்ட ஆங்கில வினைகளுள் முதலிடத்துக்குப் போட்டியிடக்கூடியது 'அட்ஜஸ்ட்' ஆகும். தமிழ் அயல் வினையை நேராகத் திரித்துக்கொள்ள ஒப்பாமல், அதைப் பெயர்போல் முன்னே நிறுத்தி, 'பண்ணு' என்பதைத் துணைக்கு அனுப்பி, காலம், இடம், மரியாதை ஆகிய சுமைகளையெல்லாம் அத்துணையின் தலையிலேயே ஏற்றிவிடுகிறது. ஆகவே 'அட்ஜஸ்ட் பண்ணுங்க' என்பதில் ஆங்கிலம் உழைப்பதில்லை, உட்கார்ந்து வருகிறது.

இலத்தீனில் 'யுக்ஸ்தா' என்றால் அருகில். 'அத்' என்னும் முன்னொட்டோடு 'அருகே சேர்த்தல்' என்றாகிய இச்சொல், பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்து, 1600ஐ ஒட்டி இன்னொரு முறையும் வந்தது. இடையில் நீதியோடு தொடர்புடைய 'யுஸ்துஸ்' என்ற சொல்லின் உறவாகப் பலரும் இதை எண்ணியதால் நேர்செய்தல் என்ற பொருளும் வலுப்பெற்றது. ஒலியை நம்பி இல்லாத உறவைக் கட்டும் இவ்வழக்கத்தை மக்கள் சொற்பிறப்பியல் என்பர். 'யுக்ஸ்தா'வின் மூலவேரோ பூட்டுதலைக் குறிப்பது. வடமொழி 'யோக'மும் அதன் கிளையே. காங்கேயம் காளைகள் இரண்டு ஒரே நுகத்தடியின்கீழ்த் தோள் உரச நடப்பதை இச்சொல்லின் ஆதிச் சித்திரம் எனலாம்; அங்கே மூன்றாவது காளையை ஏற்றும் வழக்கம் மட்டும் இல்லை.

ஜி. டி. நாயுடு 1920இல் ஒற்றைப் பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே சேவை தொடங்கிய இந்நாட்டில், மூவர் இருக்கையின் ஓரத்தில் வந்து நிற்கும் நான்காமவர், "ஏனுங்க, சித்த அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்கிறார். ஜன்னலோரத்தவர் பையை மடிக்கு மாற்ற, நடுவிலிருப்பவர் இருக்கையின் நுனிக்கு நகர, ஓரத்தவர் பெருமூச்சோடு தோளைக் குறுக்க, ஒரு சாண் இடம் பிறக்கிறது. ஆங்கிலம் மறந்துவிட்ட 'அருகே சேர்த்தல்' என்ற இலத்தீன் பொருள் கோவை உக்கடம் பேருந்தில் வட்டியோடு மீள்கிறது. 'கொள்' என்னும் துணைவினை, செயலின் பயன் செய்பவரையே சேரும் என்பதைக் காட்டுவது. இங்கோ செய்தவர்கள் மூவர், பயன் பெற்றவர் நான்காமவர். இலக்கணத்தை இத்தனை பணிவாக ஏமாற்றிய வாக்கியம் வேறில்லை.

அதே நான்காமவர் கோவையின் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருப்பவராயின், மறுநாள் காலை நான்கு தாடைச் சக்கில் ஒரு தண்டைப் பிடித்து, டயல் கேஜின் முள் 0.01 மில்லிமீட்டர்கூட ஆடாமல் நிற்கும்வரை தாடைகளைத் திருகித் திருகி அட்ஜஸ்ட் செய்வார். சற்றுத் தடித்துப்போன தண்டைக் கொண்டுவந்து, சித்த அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க என்று எவரேனும் கேட்டால், "அதெப்படிங்க, பேரிங்ல ஏறாதுங்களே" என்பார்.